பழைய கூரைமேலேயே புது ஷிங்கிள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவர்கள் நாங்கள். எதுவானாலும் போனில் பேசி முடித்துவிடுவோம், இல்லாவிட்டால் நேரில் வந்து ஏணி சாத்தி ஏறிவிடுவோம். ஆனால் கொஞ்ச நாளாக எங்களைப் பற்றி ஒரு குரல்பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பலருக்கும் வந்திருக்கும். சிலர் அக்கறையோடு எனக்கே அனுப்பி, "இது உங்களைத்தானே சொல்கிறார்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம், எங்களைத்தான்.

கேட்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு வீட்டுக்காரர் தன் கூரையில் இருந்த பழைய ஷிங்கிளை, அதாவது பலகைமேல் வரிசை வரிசையாக ஆணியடிக்கும் தார் பூசிய தகட்டை, கழற்றாமல் அதன்மேலேயே புதிதாக ஓர் அடுக்கு போட்டுத் தரச் சொன்னார். நாங்கள் முடியாது, கழற்றிவிட்டுத்தான் போட வேண்டும் என்றோம். பிறகு வேறொருவர் வந்து கழற்றாமலேயே போட்டுக் கொடுத்துவிட்டார், செலவும் குறைவு. அதனால் நாங்கள் காசு பிடுங்கப் பார்த்தோமாம். ஷிங்கிளுக்கு அடியில் இருக்கும் மரப்பலகை மக்கிவிட்டது என்று பொய் சொல்லிப் பயமுறுத்தினோமாம்.

செலவு அதிகம் என்று சொன்னதில் எனக்கு வருத்தமே இல்லை. கழற்றிப் போடுவது செலவு பிடிக்கிற வேலைதான். பழையதைப் பெயர்க்க ஆள்கூலி, அள்ளிப்போட வண்டி, குப்பைமேட்டில் எடை போட்டு வாங்கும் கட்டணம் என்று எல்லாம் சேர்ந்துவிடும். மேலேயே போட்டால் இவ்வளவும் மிச்சம். இதை நாங்கள் யாரிடமும் மறைத்ததில்லை. பொய் சொன்னோம் என்றதுதான் தைக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பழைய கூரைமேல் புது ஷிங்கிள் போடுவது தப்பான வேலை கிடையாது. நாங்களே போட்டிருக்கிறோம், இனியும் போடுவோம். இந்த மடலைப் படிக்கும் உங்களில் சிலர் வீட்டுக் கூரை அப்படிப் போட்டதுதான், நன்றாகவும் இருக்கிறது. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் ஐ.ஆர்.சி. என்ற குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பே இதை அனுமதிக்கிறது. ஆனால் எங்கே கூடாது என்பதையும் அதே விதி சொல்கிறது. ஏற்கெனவே இரண்டு அடுக்கோ அதற்கு மேலோ இருந்தால் கூடாது. பழைய கூரை நீரில் ஊறியோ, புது அடுக்கைத் தாங்க முடியாத அளவுக்கு நைந்தோ போயிருந்தால் கூடாது. அடியில் இருப்பது ஸ்லேட் கல், களிமண் ஓடு, சிமென்ட் ஓடு என்றாலும் கூடாது. உள்ளூர் விதி இதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம், அதனால் அனுமதி கேட்காமல் நாங்கள் கை வைப்பதில்லை.

மேலே போடுவது என்றால் சும்மா பழையதன்மேல் புதியதை வைத்து அடித்துவிட்டுப் போவது என்று நினைக்கிறார்கள். ஒழுங்காகச் செய்தால் அது கழற்றிப் போடுவதைவிடப் பொறுமை கேட்கும் வேலை. முகட்டில் கவிழ்த்திருக்கும் பழைய ஷிங்கிளை முழுக்க எடுக்க வேண்டும். சுருண்டு நிற்கும் நாக்குகளை (ஷிங்கிளின் கீழ்ப்பக்கம் பிரிந்திருக்கும் துண்டுகளை) வெட்டி எறிய வேண்டும், விழுந்துபோன இடங்களை நிரப்பிச் சமப்படுத்த வேண்டும். கூரை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய விளிம்பை நறுக்க வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டால், படுக்கை விரிப்புக்கு அடியில் கிடக்கும் போர்வை மடிப்பு போல ஒவ்வொரு மேடும் ஒரு வெயில் காலத்துக்குள் மேலே துருத்திக்கொண்டு தெரியும்.

அப்புறம் வரிசை. 36 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உள்ள பழைய மூன்று நாக்கு ஷிங்கிளில் 5 அங்குலம்தான் வெளியே தெரியும். புது ஷிங்கிளும் அதே அளவென்றால், அதன் மேல்விளிம்பைப் பழைய வரிசையின் கீழ்விளிம்போடு முட்டவைத்து அடிக்க வேண்டும். அப்போதுதான் தட்டையாக உட்காரும். அதற்காக ஓரத்தில் முதலில் 5 அங்குலப் பட்டை ஒன்று, அதன்மேல் 10 அங்குலமாக நறுக்கிய முதல் வரிசை. இரண்டாவது வரிசை முழு ஷிங்கிள். அது முதல் வரிசையில் 3 அங்குலத்தை மட்டும் வெளியே விடும். மூன்றாவது வரிசையிலிருந்து கணக்கு தானாகவே 5 அங்குலத்துக்கு வந்துவிடும். தரையிலிருந்து பார்த்தால் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. ஆனால் இதைச் செய்யாத கூரை எங்கள் கண்ணில் தெருமுனையிலேயே பட்டுவிடும்.

ஆணியும் அப்படித்தான். முனை பலகைக்குள் குறைந்தது முக்கால் அங்குலம் இறங்க வேண்டும். பலகையே அதைவிட மெல்லிசு என்றால் மறுபக்கம் எட்டிப் பார்க்க வேண்டும். அடியில் இன்னொரு அடுக்கு இருக்கும்போது வழக்கமான ஆணி அதற்கு எட்டாது, நீளமான ஆணி வேண்டும். ஆணியடிக்கும் துப்பாக்கியில் ஏற்கெனவே இருக்கும் ஆணியையே அடித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பெருங்காற்று வந்து ஷிங்கிள் பறக்கும்போதுதான் வீட்டுக்காரருக்கு அது தெரியவரும்.

சரி, அந்த வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். வீடு எது, தெரு எது என்று சொல்லப் போவதில்லை. கோபத்தில் பேசியிருக்கிறார், அவரும் ஒரு காலத்தில் எங்கள் வாடிக்கையாளர்தான். ஆனால் பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"காலால் மிதித்துப் பார்த்துவிட்டு மக்கிவிட்டது என்று சொல்லிவிட்டார்" என்று அந்தப் பதிவில் ஒரு சிரிப்போடு வருகிறது. மிதித்துப் பார்ப்பது சிரிப்புக்குரிய சோதனை இல்லை. நல்ல பலகைமேல் நடந்தால் கால் திடமாக ஊன்றும். ஈரம் குடித்த பலகை மெத்தென்று உள்வாங்கி, காலை எடுத்ததும் மெதுவாக மேலே வரும். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் உள்ளங்கால்தான் முதல் கருவி. அந்தக் கூரையில் புகைபோக்கிக்குப் பின்பக்கம், மேலிருந்து தண்ணீர் வந்து மோதுகிற இடம் முழுக்க அப்படித்தான் அமுங்கியது.

அதோடு நாங்கள் விட்டுவிடவில்லை. அந்த இடத்தில் ஒரு ஷிங்கிளைத் தட்டைக்கம்பியால் தூக்கினோம். ஆணியைப் பிடுங்கச் சுத்தியல் தேவைப்படவில்லை. இரண்டு விரலால் பிடித்து இழுத்ததும் வந்துவிட்டது, நுனியில் ஈர மரத்தூள் அப்பியிருந்தது. பிறகு பரணுக்குள் டார்ச்சோடு போய்ப் பலகையின் அடிப்பக்கத்தைப் பார்த்தோம். ஆணி முனைகள் துருப்பிடித்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் கறுப்பு வட்டம். பிளைவுட்டின் ஒட்டு விட்டு மெல்லிய தாள் தாளாகப் பிரிந்திருந்தது. கீழே வெப்பத்தைத் தடுக்கப் போட்டிருக்கும் பஞ்சுக் காப்பில் தண்ணீர் சொட்டிய பள்ளம்கூட இருந்தது. எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றைக்கே அந்த வீட்டுக்காரருக்கு அனுப்பினோம். பார்த்ததற்கான நீல டிக்கும் விழுந்தது. குரல்பதிவில் இந்தப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

அந்தப் பலகைமேல் புது ஷிங்கிள் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நீளமான ஆணியே அடித்தாலும் பிடிக்க மரம் இல்லை. உள்ளே இருக்கும் ஈரம் இரண்டு அடுக்கு தாருக்கு அடியில் மாட்டிக்கொண்டு இன்னும் மெதுவாகக் காயும், மக்கல் பரவும். மேலே பார்க்கக் கூரை புதுசாகப் பளிச்சென்று இருக்கும். இப்படி ஒரு வேலையைச் செய்துவிட்டு, எங்கள் பெயர் போட்ட விளம்பரப் பலகையை உங்கள் வாசலில் நட்டுவைக்க எங்களால் முடியாது. காசு பிடுங்குவதுதான் நோக்கம் என்றால் எங்களுக்குச் சுலபமான வழி, சொன்னபடி மேலே போட்டுவிட்டு, சில வருடம் கழித்து இரண்டு அடுக்கையும் சேர்த்துக் கழற்ற இரட்டிப்புக் கூலி வாங்குவதுதான். இதை ஏன் யாரும் யோசிப்பதில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

பாரத்தையும் சொல்ல வேண்டும். சாதாரண மூன்று நாக்கு ஷிங்கிள் 100 சதுர அடிக்கு 200 முதல் 250 பவுண்டு வரும். 2,000 சதுர அடிக் கூரை என்றால் கூடுதலாக ஏறுவது ஏறக்குறைய 2 டன். தடித்த வகை என்றால் இன்னும் அதிகம். கூரையின் மரச்சட்டம் நன்றாக இருந்தால் தாங்கிவிடும். முகடு நடுவில் லேசாகத் தொய்ந்திருக்கும் வீட்டில், பொறியாளர் பார்க்காமல் அந்தப் பாரத்தை ஏற்ற மாட்டோம்.

கூரை ஒழுகுவது பெரும்பாலும் ஷிங்கிளின் நடுவில் அல்ல. புகைபோக்கி, சுவர் சேரும் இடம், இரண்டு சரிவு கூடும் பள்ளம், குழாய் வெளிவரும் துளை என்று மூலைமுடுக்கில் தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்க வைக்கும் ஃபிளாஷிங் தகரத்தில்தான் முதலில் பிசகும். மேலேயே போடும்போது பழைய தகரத்தை அப்படியே விட்டு, சுற்றிலும் தார்ப்பசை பூசிவிட்டுப் போக மனசு சொல்லும், ஏனென்றால் தகரம் பழைய அடுக்குக்குள் மாட்டியிருக்கிறது. அந்தப் பசை வெயிலில் காய்ந்து வெடித்ததும் பழைய கதைதான். பனி உறையும் இடங்களில் ஓரத்தில் ஒட்டும் நீர்த்தடுப்புப் படலம் வெளிச்சுவரின் கோட்டிலிருந்து உள்பக்கமாக 24 அங்குலமாவது வர வேண்டும் என்கிறது அதே ஐ.ஆர்.சி. அந்தப் படலம் வெறும் பலகையில்தான் ஒழுங்காக ஒட்டும். பழைய ஷிங்கிளின் மேல் பதித்திருக்கும் கல் குருணைமேல் ஒட்டாது. ஆலங்கட்டி மழை விழும் இடமென்றால் அடியில் மெத்தென்ற அடுக்கு இருப்பதும் நல்லதல்ல, அடி வாங்கியதும் மேல் ஷிங்கிள் உள்வாங்கி உடையும்.

இவ்வளவும் சொன்னபின் சிலர் கேட்பீர்கள்: "அப்போ எங்கள் கூரைக்கு மேலேயே போடலாமா, கூடாதா?" ஒரே அடுக்கு, தட்டையாகக் கிடக்கிறது, பரண் காய்ந்திருக்கிறது, பலகை திடம், முகடு நேர். இவ்வளவும் சரியாக இருந்தால் தாராளமாகப் போடலாம். தோட்டத்தில் குப்பை விழாது, வேலையும் சீக்கிரம் முடியும். இன்னும் சில வருடத்தில் வீட்டை விற்கப் போகிறவர்களுக்கு நானே அதைத்தான் சொல்வேன். வாங்குகிறவரிடம் அடியில் இன்னொரு அடுக்கு இருப்பதைச் சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான்.

விலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஷிங்கிளில் பூசுகிற தார் கச்சா எண்ணெயிலிருந்து வருவது, எண்ணெய் ஏறினால் இதுவும் ஏறும். குப்பைமேட்டுக் கட்டணமும் ஏறிவிட்டது. எங்களிடம் நெடுங்காலம் வேலை பார்த்த ஒரு மேஸ்திரி தனியாகத் தொழில் தொடங்கப் போய்விட்டார். அவர் நன்றாக இருக்கட்டும். அவர் இடத்துக்கு ஆள் பழகும் வரை முன்பு போல அழைத்த வாரத்திலேயே வந்து நிற்க முடியாது. காத்திருக்கும் உங்களுக்கு அது சிரமம் என்று தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். வழுக்குகிற சரிவில் கயிறு கட்டி நிற்கப் பழகாத ஒருவரை அவசரத்துக்கு ஏற்றிவிட எனக்கு மனசு வரவில்லை.

இந்தச் சமயத்தில் எங்கள் பக்கம் நின்றவர்களை மறக்க மாட்டேன். அந்தப் பதிவு வந்த குழுவிலேயே தங்கள் வீட்டுக் கூரைப் படத்தைப் போட்டு, "இது இவர்கள் போட்டதுதான், இதுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை" என்று எழுதிய அம்மாவுக்கு நன்றி. வெயிலில் வேலை செய்த பையன்களுக்குக் கேட்காமலேயே குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து வைக்கும் வீடுகளுக்கு நன்றி. அப்பா காலத்தில் எங்களை அழைத்த வீடுகளில் இப்போது பிள்ளைகளும் தங்கள் வீட்டுக்கு அழைக்கிறார்கள். அந்தக் குடும்பங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. பலகையை முன்பே பார்த்துச் சொன்னதற்காக எங்களோடு கோபித்துக்கொண்டு, பிறகு கழற்றும்போது நேரில் வந்து பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டவர்களும் உங்களில் இருக்கிறீர்கள்.

இனிமேல் எந்தக் கூரைக்கும் மதிப்பீடு தருமுன் பரணுக்குள் போய்ப் பார்ப்போம். நாலு மூலையிலும் படம் எடுத்து, மதிப்பீட்டோடு உங்களுக்கே அனுப்பிவிடுவோம். நீங்களோ வீட்டில் பெரியவர் ஒருவரோ கூட நின்று பார்த்தால் இன்னும் நல்லது. மேலேயே போடும் வேலைகளுக்கு எங்கள் கைவேலை உத்தரவாதம் இனி 10 வருடத்துக்குப் பதில் 5 வருடம், முன்பணம் கட்டி இன்னும் வேலை தொடங்காதவர்களுக்கும் சேர்த்து. கழற்றிப் போடும் வேலைக்கு எப்போதும் போல 10 வருடம்தான், அதில் மாற்றமில்லை.

கூரையில் சந்தேகம் இருந்தால் பழைய எண்ணிலேயே கூப்பிடுங்கள். பார்த்துச் சொல்ல எப்போதும் போலக் கட்டணம் இல்லை. நாங்கள் வருகிற அன்று மட்டும் பரண் கதவுக்குக் கீழே இருக்கும் சாமான்களைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிடுங்கள். போன தடவை ஒரு வீட்டில் துணி அலமாரியை நகர்த்தவே அரை நாள் போய்விட்டது.

அன்புடன்,
உரிமையாளரும் கூரை வேலைக் குழுவினரும்