நூறு டிரில்லியனுக்கு முன்னால் வந்தவை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஜிம்பாப்வேயின் நூறு டிரில்லியன் டாலர் நோட்டைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எல்லாரையும் போல நீங்களும் அந்த ஒரு நோட்டோடு நிறுத்திவிட்டீர்கள். ஒன்றுக்குப் பின்னால் பதினான்கு பூஜ்யம், நம் கணக்கில் ஒரு கோடி கோடி, பார்த்தால் யாருக்கும் வாய் பிளக்கத்தான் செய்யும், சரி. ஆனால் செல்லாமல் போன நோட்டுகளைச் சேர்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பணவீக்கத்தில் அந்த நாட்டு ஜனங்கள் பட்ட பாடு அந்த நோட்டில் அவ்வளவாக இல்லை.

அது வெளியானது 2009 ஜனவரியில் (நோட்டில் 2008 என்றுதான் இருக்கும்). அந்த மாதக் கடைசியிலேயே, அமெரிக்க டாலர், தென்னாப்பிரிக்க ராண்டு எதில் வேண்டுமானாலும் வியாபாரம் செய்துகொள்ளுங்கள் என்று அரசே சொல்லிவிட்டது. ஏற்கெனவே இரண்டு முறை பணத்தின் மதிப்பில் பூஜ்யங்களை வெட்டியிருந்தவர்கள், பிப்ரவரி 2ஆம் தேதி இன்னொரு பன்னிரண்டு பூஜ்யத்தை வெட்டினார்கள், அதாவது பழைய லட்சம் கோடி டாலர் புது ஒரு டாலர் ஆனது. ஆக, அது கடைத்தெருவில் புழங்கியது கொஞ்ச காலம்தான். இப்போது விற்பனைக்கு வருகிறவை பெரும்பாலும் மடிப்பே விழாத யுஎன்சி (புழக்கத்துக்கே போகாத) நோட்டுகளாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் தேடிப் பிடித்து வாங்குவது அதற்கு முந்தைய பேரர் செக்குகளை, அதாவது கையில் வைத்திருப்பவருக்கே பணம் என்கிற காசோலைகளை. 2003இல் நோட்டுத் தட்டுப்பாடு வந்தபோது அங்குள்ள ரிசர்வ் வங்கி இவற்றை அச்சிட ஆரம்பித்தது. பெயர்தான் செக், கடையில் கொடுத்து ரொட்டி வாங்குகிற பணம்தான் அது. ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். காசோலை பாணியில் வாசகம், கீழே அந்த வங்கியின் கவர்னர் கையெழுத்து, அப்புறம் இந்தத் தேதிக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒரு தேதி. மாத்திரை அட்டைக்குப் போடுகிற மாதிரி பணத்துக்கு எக்ஸ்பைரி! 2006 ஆகஸ்டில் மூன்று பூஜ்யத்தை வெட்டிப் புது வரிசை விட்டார்கள், அதில் ஆகக் குறைந்தது 1 சென்ட். 2008 மே மாதம் அதே பேரர் செக் 50 கோடி டாலருக்கு வந்துவிட்டது. பிறகு விவசாயிகளுக்கு என்று சொல்லி அக்ரோ செக், ஜூலையில் அதுவும் 10,000 கோடியைத் தொட்டது. இரண்டே வருஷம். ஆல்பத்தில் இவற்றைத் தேதிவாரியாக வரிசையாகச் சொருகிவைத்தால் பணவீக்கம் என்றால் என்ன என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அந்த ஜூலையில்தான் நோட்டுக் காகிதம் கொடுத்துவந்த ஜெர்மன் நிறுவனம் சப்ளையை நிறுத்தியது, ஆகஸ்டு 1ஆம் தேதி பத்து பூஜ்யம் போனது. அரசு கடைசியாக வெளியிட்ட ஆண்டுப் பணவீக்கக் கணக்கும் அதே ஜூலைக்குத்தான், 23.1 கோடி சதவீதம். வங்கியில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று உச்சவரம்பு, அதற்கு நாள் முழுக்க வரிசை, எடுத்த காசு பஸ்ஸுக்குக்கூடப் போதாது. அதனால்தான் அழுக்கேறி, ஓரம் கிழிந்து, நாலாக மடிந்த செக் கிடைத்தால் யுஎன்சியை விட்டுவிட்டு அதை எடுக்கிறேன். கூடச் சேர்க்கிற நண்பர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். 1 சென்ட் முதல் நூறு டிரில்லியன் வரை நோட்டடித்து மக்களுக்கு எண் பழக்கினார் என்று கிண்டலாக, அந்த வங்கிக் கவர்னர் கிடியன் கோனோவுக்கு 2009இல் கணிதத்துக்கான இக் நோபல் (நோபலைக் கேலி செய்யும் வேடிக்கைப் பரிசு) கொடுத்தார்களே, அந்தக் கிண்டலின் முழு அர்த்தமும் இந்தச் சின்ன நோட்டுகள் இருந்தால்தான் விளங்கும்.

கட்டுரையில் எச்சரிக்கையாக ஒரு வரிகூட இல்லாததும் குறைதான். தங்க முலாம் பூசின நூறு டிரில்லியன் என்று விற்கிறார்களே, அப்படி ஒன்றை அந்த நாடு வெளியிட்டதே இல்லை, அது வெறும் பொம்மை. அசல் நோட்டின் முன்பக்கம் தலைநகர் ஹராரேக்குப் பக்கத்து எப்வொர்த் பகுதியின் அடுக்குப் பாறைகள், பின்பக்கம் விக்டோரியா அருவியும் காட்டெருமையும் இருக்கும். முன்பக்கம் நிறம் மாறும் மையில் ஜிம்பாப்வே பறவை (அந்த நாட்டின் சின்னம்) ஒன்று உண்டு, நோட்டைச் சாய்த்தால் அதன் நிறம் மாற வேண்டும், மாறவில்லை என்றால் வாங்காதீர்கள். இன்னொன்று, இதற்குப் பழைய மதிப்பு திரும்ப வரும், வாங்கிப் பதுக்குங்கள் என்று கிளப்பிவிடுகிறவர்களை நம்பவே வேண்டாம். 2015 ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை கெடு வைத்து, 250 டிரில்லியனுக்கு ஒரு அமெரிக்க டாலர் என்று கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டார்கள். நூறு டிரில்லியனுக்கு 40 சென்ட்! அப்போதே சேகரிக்கிறவர்கள் அதற்குக் கொடுத்த விலை அதைவிடப் பல மடங்கு.

அடுத்த முறை விலைப் பட்டியல் போட்டால் கசங்கின நோட்டுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். என் ஆல்பத்தில் பாதி அந்த ரகம்தான்.

இப்படிக்கு,
ஒரு சேகரிப்பாளர்,
ஈரோடு