எங்கள் கான் ஓடுகிறது: ஒரு நன்றி மடல்

பினாங்கு, நிபோங் திபால் பக்கத்தில் உள்ள எங்கள் சின்ன டவுனின் கடைத்தெருவாசிகள் சார்பிலும், பின்னால் இருக்கும் தாமான் (குடியிருப்பு) மக்கள் சார்பிலும் வணக்கம்.

போன வாரம் நள்ளிரவில் அடைமழை. வழக்கம்போல் எழுந்து மெத்தையைச் சுருட்டி மேசைமேல் போட்டேன். ஃபிரிட்ஜுக்கு அடியில் செங்கல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன் (எங்கள் தெருவில் ஃபிரிட்ஜ் செங்கல்மேல்தான் நிற்கும்). கதவைத் திறந்தால் கானில், அதாவது தெரு வடிகாலில், தண்ணீர் இரைச்சலோடு ஓடுகிறது, வாசல் சும்மா நனைந்து கிடக்கிறது. அப்போதே இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

2017 நவம்பர் 4 இரவை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தீபாவளி முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, பினாங்கே மூழ்கியது. சரி, அது பெருமழை. ஆனால் அதற்கு அப்புறமும் ஒரு மணி நேர மழைக்கே எங்கள் தெருவில் முட்டிவரை நீர் நின்றது. இடையில் ஒரு குத்தகையாளர் கானை மட்டும் ஆழமாகத் தோண்டிவிட்டுப் போனார். வெளியேறும் வாயைவிடக் கான் பள்ளமாகிப்போனது. தண்ணீர் தேங்கியது, கொசுதான் மிச்சம்.

முதல் நன்றி, ஒரு காலத்தில் தோட்டத்தில் கான் வெட்டிய பெரியவருக்கு. பொறியாளர் வரைபடத்தோடு வந்த அன்று, ஐயா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, சாலைக்கு அடியில் போகும் குழாயின் வாயைக் கைத்தடியால் தட்டினார். "மேல நாலடி கான், இங்க ஒன்றரையடி குழாய். எப்படிப் போகும்?" கடல் பெருக்கு ஏறினால் கிரியான் ஆற்று நீர் கான் வழியே திரும்பி வருவதையும் சொன்னார். அந்த நேரம் மழை பெய்தால் நம் நீருக்குப் போக இடமில்லை. அவருடைய பாசார் மலாயை (சந்தைப் பேச்சு மலாயை) அந்தப் பொறியாளர் அம்மா நின்று நிதானமாகக் கேட்டு, வரைபடத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார். அவருக்கு இரண்டாவது நன்றி.

இப்போது சாலைக்கு அடியில் கான் அகலத்துக்கே கான்கிரீட் பெட்டி. ஆற்று முனையில் பெருக்கு வந்தால் தானே மூடிக்கொள்ளும் கதவு. பக்கத்துப் புதிய வீடமைப்பின் மழைநீரும் ஒரு குளத்தில் தங்கித்தான் வருகிறது. கட்டுவதற்கு முன் போனதைவிட அதிக வேகத்தில் வெள்ளம் வெளியேறக் கூடாது என்று நீர்ப்பாசன வடிகால் துறையின் கையேடு 2001லிருந்தே சொல்கிறது.

கானுக்கு மேல் போட்டிருந்த தளத்தை முகம் சுளிக்காமல் இடிக்கவிட்ட ஹார்ட்வேர் கடைத் தவுக்கே (முதலாளி), அடுப்பையே பின்பக்கம் நகர்த்திய ரொட்டி சானாய் அண்ணன், தினமும் தே ஓ கலந்து அனுப்பிய அக்கா, எல்லாருக்கும் நன்றி. இடுப்பளவு சேற்றில் நின்ற வங்காளதேசத்துத் தம்பிகளுக்கும்தான். அவர்கள் பெயரைக் கேட்டு வைக்காமல் விட்டது எங்கள் தப்பு.

பி.கு.: கோத்தோங் ரோயோங் (எல்லாரும் கூடிச் செய்த துப்புரவு வேலை) அன்று யாரோ இரண்டு சாங்கோல் (மண்வெட்டி) என் வீட்டுக் கொல்லையில் விட்டுப் போயிருக்கிறீர்கள். ஒன்றின் பிடியில் சிவப்புப் பெயின்ட் இருக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.