ஏழே முக்காலுக்குப் பிரம்ம முகூர்த்தம்

வடலூர்
மார்கழி 5

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது, விளக்கேற்றி உட்கார்ந்தால் புகையும் கண்ணெரிச்சலும்தான் மிச்சம், ஒஸ்லோவில் தியானமெல்லாம் நடக்காது போலிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். இங்கே மழை விட்டுப் பனி இறங்கிவிட்டது. நாலரைக்கே ஸ்பீக்கரில் திருப்பாவை. தைப்பூசத்துக்கு ஊர் மெல்ல மெல்லத் தயாராகிறது. வீட்டில் எல்லோரும் சுகம். இனி உன் விஷயத்துக்கு வருகிறேன்.

நீ செய்கிற தப்பு ஒன்றுதான். உட்கார்ந்ததுமே விளக்கை ஏற்றிவிடுகிறாய். முதலில் இருட்டில் உட்காரு.

கண்ணுக்கு இருட்டுப் பழக நேரம் வேண்டும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் முதல் பத்து நிமிடத்துக்குள், விழித்திரையில் நிறம் பார்க்கிற கூம்பு செல்கள் தங்களால் முடிந்த மட்டும் பழகிவிடும். அதற்குப் பிறகுதான் மங்கிய வெளிச்சத்தில் பார்க்கிற குச்சி செல்களின் வேலை. வெளிச்சத்தில் வெளுத்துப்போன ரொடாப்சின் என்ற நிறமி அவற்றில் மறுபடி ஊற இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். அறுபதைத் தாண்டிய கண்ணுக்கு இன்னும் கொஞ்சம் கூட. நடுவில் ஒரே ஒரு தடவை செல்போனைத் திறந்து மணி பார்த்தாயானால் அவ்வளவும் போச்சு, மறுபடி முதலிலிருந்து. மணி பார்த்தே ஆகவேண்டும் என்றால் மங்கலான சிவப்பு டார்ச் வைத்துக்கொள். குச்சி செல்களுக்கு அடர்சிவப்பு அவ்வளவாக உறைக்காது.

அந்த அரை மணியில் என்ன தெரியும் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பயந்து எழுந்துவிடுவாய். முழு இருட்டு கறுப்பாக இருக்காது, சாம்பல் நிறமாக இருக்கும். பொடிப்பொடியாக எதுவோ நகர்வது போலத் தோன்றும். வெளியே ஒன்றும் இல்லை, வெளிச்சமே விழாதபோதும் பார்வை நரம்பு சும்மா இருப்பதில்லை, அவ்வளவுதான். பத்து நிமிடம் கழித்து ஜன்னல் விளிம்பு, நாற்காலி முதுகு என்று ஒவ்வொன்றாக வரும். நிறம் இருக்காது. நேரே பார்த்தால் மறைந்துவிடும், கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் தெரியும். பார்வையின் நட்டநடுப் புள்ளியில் குச்சி செல்களே கிடையாது என்பதுதான் காரணம். தேடினால் ஒளிந்துகொள்ளும், விட்டால் வந்து நிற்கும். மனசை உட்கார வைக்கிற பயிற்சிக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. மூச்சை எண்ணு, மந்திரம் சொல்லு என்றெல்லாம் யார் யாரோ சொல்வார்கள். முதல் வாரம் ஒன்றும் வேண்டாம். நாற்காலி முதுகு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிரு, போதும்.

கண் பழகிவிட்டதா என்று பார்க்க நம் ஊரில் ஒரு பரீட்சை உண்டு. இங்கே விடியற்காலை ஐந்து மணிக்கு சப்தரிஷி மண்டலம் வடக்கே உயரத்தில் நிற்கும். அதன் வாலில் நடு நட்சத்திரம் வசிஷ்டர், ஒட்டினாற்போல் மங்கலாக அருந்ததி. உனக்கு இன்னும் வசதி. டிசம்பர் கடைசியில் காலை ஏழு மணிக்கு அந்த வால் ஏறக்குறைய உன் தலைக்கு நேர் மேலே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வானத்தில் மேகமில்லாவிட்டால் தெருவிளக்கு எட்டாத காட்டோரமாகப் போய் அண்ணாந்து பார். கல்யாணத்தன்று பட்டப்பகலில் ஐயர் கைகாட்டிய இடத்தையெல்லாம் பார்த்துத் தலையாட்டினாயே, அதை இப்போதாவது நிஜமாகப் பார்த்துவிடு. தங்கச்சியையும் கூட்டிப் போ.

நேரம் பற்றிக் கேட்டிருந்தாய். சாயங்காலம் வேண்டவே வேண்டாம். மூன்றே கால் மணிக்கு சூரியன் மறைகிற ஊரில் நாலு மணிக்கு இருட்டில் உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும், கூடவே ஊர் நினைப்பும் வரும். காலைதான் சரி. பிரம்ம முகூர்த்தம் என்பது சூரிய உதயத்துக்கு இரண்டு முகூர்த்தம் முன்னால் தொடங்குகிற ஒரு முகூர்த்தம், அதாவது 96 நிமிடத்துக்கு முன் தொடங்கி 48 நிமிடத்துக்கு முன் முடிவது. இந்த வாரம் உனக்கு உதயம் 9:18. கழித்துப் பார்த்தால் 7:42 முதல் 8:30 வரை! நாங்கள் நாலே முக்காலுக்கு அடித்துப் பிடித்து எழுந்துகொண்டிருக்கிறோம், நீ நிதானமாக எழுந்து பல் தேய்த்து ஏழு மணிக்கு இருட்டில் உட்கார்ந்தால் முகூர்த்தத்துக்கு முன்பே கண் பழகியிருக்கும். கொடுத்து வைத்தவன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு அவசரம் என்ன?

இனி விளக்கு. புகைகிறது என்றால் மூன்றில் ஒன்று காரணம்: திரி நீளம், எண்ணெய், காற்று.

கடையில் விற்கிற தடித்த நூல்திரி வேண்டாம். பஞ்சை உருட்டி இரண்டு இழையாக முறுக்கு, தீக்குச்சி கனத்துக்கு மேல் போகக் கூடாது. எண்ணெயில் பத்து நிமிடம் ஊறட்டும், நுனியை மட்டும் விரலால் பிழிந்து கூராக்கு. அகலின் மூக்குக்கு வெளியே அரை நெல் நீளம் நீட்டினால் போதும். அதற்கு மேல் நீட்டினால் திரி உறிஞ்சிக் கொடுக்கிற எண்ணெய் ஆவி அத்தனையும் எரியக் காற்று போதாது. எரியாத கரி மேலே போய்க் கூரையில் படியும், மீதி உன் கண்ணில். புது அகல் என்றால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து நன்றாகக் காய விடு. இல்லாவிட்டால் எண்ணெயை அகலே குடித்து அடியில் கசியும். ஈரத்தோடு ஊற்றினாலும் சங்கடம், சடசடவென்று பொரியும்.

எண்ணெய் நம் செக்கு நல்லெண்ணெயாக இருக்கட்டும். தமிழ்க் கடையில் கிடைக்கும். பக்கத்திலேயே சீனக்காரர்களின் நல்லெண்ணெய் கருஞ்சிவப்பாக இருக்கும், அது எள்ளை வறுத்து எடுத்தது, சமையலுக்கு மணமாக இருக்கும், விளக்குக்கு வேண்டாம். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், உன் வீட்டில் கல்தான். விளக்கெண்ணெய் நின்று எரியும், ஆனால் குளிரில் இறுகித் திரியில் ஏற மறுக்கும், சுடர் கூனிப்போகும். இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஒரு உட்காருதலுக்கு ஏராளம். மட்டம் இறங்க இறங்கத் திரி உறிஞ்சி ஏற்ற வேண்டிய தூரம் கூடிச் சுடர் சோரும், ஆகவே முதலிலேயே விளிம்பு வரை ஊற்றிவிடு.

காற்றா, ஜன்னலெல்லாம் மூடித்தானே இருக்கிறது என்பாய். மூடிய அறையில்தான் உனக்குக் காற்று. குளிர்ந்த கண்ணாடியில் பட்ட காற்று கனத்துக் கீழே வழியும், அதன் அடியில் இருக்கும் ஹீட்டர் சூடான காற்றை மேலே தள்ளும். ஜன்னலோரம் வைத்த சுடர் ஆடிக்கொண்டேதான் இருக்கும். உள்சுவர்ப் பக்கம், ஹீட்டரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி வை. அடியில் ஒரு தட்டில் மணல் பரப்பிவிடு, அங்கே வீடெல்லாம் மரம்.

ஏற்றும்போது கண்ணை மூடிக்கொள் என்று சொல்ல முடியாது, கை சுட்டுக்கொள்வாய். தீக்குச்சியைப் பார்க்காமல் திரியைப் பார்த்து ஏற்று. அரை மணி இருட்டில் இருந்த கண்ணுக்கு அந்தச் சின்னச் சுடர் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை நான் வர்ணிக்கப் போவதில்லை. சுடர் கண் மட்டத்துக்குச் சற்றே கீழே, இரண்டரை அடி தூரத்தில் இருக்கட்டும். பார்க்க வேண்டிய இடம் மஞ்சள் நுனி அல்ல. திரிக்கு நேர் மேலே, மஞ்சளுக்கு உள்ளே, ஒரு பருப்பளவு கருத்த இடம் தெரியும். எரியாத எண்ணெய் ஆவி அங்கே இருக்கிறது, காற்று அதற்குள் எட்டுவதில்லை. மஞ்சளாய்ப் பிரகாசிப்பதெல்லாம் கரித்தூள் சூடேறி ஒளிர்வதுதான். விளக்குக்கு நடுவிலேயே இருட்டு உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தைப் பார்.

ஒரு நிமிடம் பார்த்தால் போதும். இமைக்காமல் கண்ணீர் வரும்வரை பார்ப்பது திராடகம் என்ற ஹடயோக முறை, அதைப் பக்கத்தில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் செய்யாதே. கண் அழுத்தம், விழித்திரைக் கோளாறு, வலிப்பு, ஒற்றைத் தலைவலி இருக்கிறவர்கள் அதைத் தொடவே கூடாது. நீ இயல்பாக இமைத்துக்கொள். பிறகு கண்ணை மூடு. சுடரின் பிம்பம் உள்ளே நிற்கும், முதலில் மஞ்சளாக, பின்னால் பச்சையோ நீலமோ ஊதாவோ, ஆளுக்கு ஆள் மாறும். அதைத் துரத்தினால் நழுவும். பிம்பம் விழித்திரையில் பதிந்த தடம், கண் போகிற பக்கமெல்லாம் அதுவும் போகத்தானே செய்யும்? கண்ணை நிறுத்தினால் அதுவும் நிற்கும், அப்புறம் கரையும். முழுக்கக் கரைந்த பிறகு மறுபடி கண்ணைத் திற. ஐந்து தடவை, அதற்கு மேல் வேண்டாம்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். நீலம் தெரிந்தது, ஊதா தெரிந்தது, சக்கரம் திறந்துவிட்டது என்று கிளம்பிவிடுவார்கள். தெரிந்தது விழித்திரையின் களைப்பு, அவ்வளவே. இங்கே வடலூரில் வள்ளலார் 1872 தைப்பூசத்தில் திறந்த ஞானசபையில் சோதிக்கு முன்னால் ஏழு திரை தொங்குகிறது: கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கடைசியில் எல்லாம் கலந்தது. நிறங்களெல்லாம் அவருக்குத் திரை, விலக்க வேண்டியவை. முதலாவதே கருப்பு என்பதைக் கவனி. மாதப் பூசத்தில் ஆறு திரைதான் விலகும், தைப்பூசத்தில் மட்டும் ஏழும். 1873 கார்த்திகையில், பக்கத்து மேட்டுக்குப்பத்தில் தான் தங்கியிருந்த சித்தி வளாகத்தில், தன் அறைக்குள் எரிந்துகொண்டிருந்த விளக்கை வெளியே எடுத்து வைத்து, இதை ஆராதியுங்கள் என்றார். சாதாரண எண்ணெய் விளக்கு. தைப்பூசக் கூட்டத்தில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு நொடி தரிசனத்தைப் பார்க்கிறவர்களின் கண்ணுக்கு என்ன தெரியும் என்று எனக்கு வருஷா வருஷம் சந்தேகம். என் கோபம் அது, விடு.

முடிக்கும்போது விளக்கை ஊதாதே. மலையேற்ற வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னதில் சாஸ்திரத்தோடு சௌகரியமும் உண்டு: ஊதினால் எண்ணெய் தெறிக்கும், கனன்ற திரி புகைந்து அறையை நிரப்பும். இங்கே ஒரு பூவால் திரியை எண்ணெய்க்குள் தள்ளுவோம். மைனஸ் பத்தில் பூவுக்கு எங்கே போவாய், கரண்டிக் காம்பு போதும். அதன்பின் பத்து நிமிடம் மறுபடி இருட்டில் இரு. இந்தப் பத்து நிமிடத்தை எழுதி விளக்க எனக்கு வரவில்லை. இதற்காகத்தான் முன்னால் சொன்ன அத்தனையும்.

இன்னொன்று, கண்டிப்பாக. நாளெல்லாம் சோர்வு, எதிலும் பிடிப்பில்லை, எவ்வளவு தூங்கினாலும் போதவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அது தியானத்தால் தீருகிற சங்கதி அல்ல. வடக்கே குளிர்காலத்தில் பலருக்கும் வருகிற மனச்சோர்வாக இருக்கலாம், டாக்டரிடம் போ. அதற்கென்று 10,000 லக்ஸ் வெளிச்சம் தருகிற விளக்குப் பெட்டி உண்டு, காலையில் அரை மணி அதன் முன் உட்காரச் சொல்வார்கள். கண் நோய் ஏதும் இருந்தால் முதலில் சொல்லிவிடு. நம் அகல் ஒரு மீட்டர் தூரத்தில் தருவது சுமார் ஒரு லக்ஸ். கணக்கு உனக்கே புரியும். இருட்டில் உட்கார்ந்து எழுந்த பிறகு, எட்டரைக்கு அந்தப் பெட்டி, பத்து மணிக்குப் பனியில் ஒரு நடை. அந்த ஊர்க்காரர்கள் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை மீன் எண்ணெய் குடிப்பார்களே, அதையும் முகம் சுளிக்காமல் குடி. ஐந்து மில்லியில் அன்றாடம் வேண்டிய 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி இருக்கிறது. கூடவே வைட்டமின் ஏ-யும் உண்டு, நான் மேலே சொன்ன ரொடாப்சினுக்கு அதுதான் மூலப்பொருள். அது குறைந்தால்தான் மாலைக்கண்.

ஒரு வேடிக்கை. உனக்கு இன்னும் பத்து நாளில் காலை உதயமும் திரும்பி முன்னுக்கு வரத் தொடங்கிவிடும். இங்கேயோ நவம்பர் கடைசியிலிருந்தே மாலை நீண்டுகொண்டு வருகிறது, ஆனால் விடியல் மட்டும் பொங்கல் கழிந்தும் பின்னுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஜனவரி கடைசி வாரம்தான் அது திரும்பும். அதுவரை எங்களுக்கும் இருட்டுக்குக் குறைவில்லை.

பஞ்சு ஒரு கட்டும் அகல் நாலும் உன் மச்சான் கையில் கொடுத்தனுப்புகிறேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்

பி.கு.: விளக்கேற்றுவதற்காகப் புகை அலாரத்தைக் கழற்றி வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். இன்றைக்கே மாட்டு. திரி அரை நெல் நீளம் இருந்தால் அது கத்த வேண்டிய அவசியம் வராது. கத்தினால் திரியைக் குறை.