டிக்கெட்டில் தெரியாத மணிநேரம்

அன்பு மகளுக்கு,

டோக்கியோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு டிக்கெட் எடுக்கும் முன் இதை நிதானமாகப் படித்துவிடு.

ஹனேடா விமான நிலையத்திலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் சுமார் 8,800 கி.மீ. பூகோள உருண்டையின் மேல் நூலை இறுகப் பிடித்து அளந்தால் வரும் தூரம் இது. இரண்டு ஊர்களும் வடக்கே 34, 35 டிகிரியில்தான் இருக்கின்றன. ஆனாலும் வரைபடத்தில் தெரிவதுபோல அதே அட்சரேகையிலேயே கிழக்கே போனால் 9,300 கி.மீ. ஆகிவிடும். குறுகிய பாதை 48 டிகிரி வரை வடக்கே ஏறி இறங்கும். அதனால் திரையில் கோடு வில்லாக வளைந்திருந்தால் சுற்றிப் போகிறார்கள் என்று நினைக்காதே. அன்றைய காற்றைப் பார்த்து அந்த வளைவையும் மாற்றுவார்கள்.

பெரிய ஜெட் விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும் என்று வைத்துக்கொள். தூரத்தை அதால் வகுத்து, ஓடுபாதைக்கு ஊர்ந்து போகவும் ஏறி இறங்கவும் அரை மணி சேர்த்தால் பத்தேகால் மணிநேரம் வரும். மீதியைக் காற்று முடிவு செய்யும். விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டும். அதனால் போக ஏறக்குறைய 10 மணிநேரம், திரும்ப 12. போகும்போது மிச்சமாகும் நேரமும் வரும்போது கூடும் நேரமும் சரிக்குச் சரி ஆகாது. எதிர்க்காற்றில்தான் அதிக நேரம் பறக்கிறாய், ஆகவே இழப்பே கூடுதல்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் மணி. ஜனவரியில் மாலை 5-க்குக் கிளம்பினால் அதே நாள் காலை 10-க்கு இறங்குவாய்! இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிப் பார்: டோக்கியோ 9 மணி முன்னால், லாஸ் ஏஞ்சல்ஸ் 8 மணி பின்னால். காலை 8-லிருந்து மாலை 6 வரை, சரியாகப் பத்து மணிநேரம். கோடையில் அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும், ஜப்பான் தள்ளாது.

இணைப்பு விமானத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடிவரவுச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். கடைசி ஊர் வரை சீட்டு ஒட்டியிருந்தாலும் பொதுவாக இதுதான் நடைமுறை. பிறகு இன்னொரு பாதுகாப்புச் சோதனை. ஒன்றரை மணி இடைவெளி போதவே போதாது, மூன்று மணியாவது வை. இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டில் எடு. தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால், இரண்டாவதன் பணம் போனதுதான்.

திரும்பும்போது டோக்கியோவின் எந்த விமான நிலையத்தில் இறங்குகிறாய், நரிட்டாவா ஹனேடாவா என்று பார். இரண்டுக்கும் நடுவே நேர்க்கோட்டிலேயே 60 கி.மீ. இருக்கிறது.

பழைய அட்டவணையை நம்பாதே. 2022-ல் ரஷ்ய வான்வெளி மூடியதும் ஹெல்சிங்கி–டோக்கியோ ஒன்பதரை மணியிலிருந்து சுமார் 13 மணிநேரம் ஆகிவிட்டது. ஊர்கள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.

எடுத்ததும் இரண்டு விமான எண்களையும் எனக்கு அனுப்பிவிடு, கண்ணு.

அம்மா