விதையைச் சேமிப்பது குற்றமா?

ஆசிரியருக்கு,

தண்டையார்பேட்டையில் குடியிருக்கும் எனக்கு வயல் கிடையாது. பொன்னேரிப் பக்கம் என் ஆயா கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டி உறியில் கட்டிவைத்தது மட்டும் நினைவிருக்கிறது. கனடாவில் அந்தப் பழக்கமே வழக்காகிவிட்டது. காப்புரிமை பெற்ற மரபணு கொண்ட கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிரின் விதையைச் சேமித்து விதைத்த பெர்சி ஷ்மைசர் என்ற உழவர்மீது மான்சாண்டோ என்ற விதை நிறுவனம் வழக்குப் போட்டது. 2004-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என நிறுவனத்தின் பக்கம் நின்றது. (ஷ்மைசர் இழப்பீடு மட்டும் தர வேண்டாம் என்றார்கள் நீதிபதிகள், அதுவரை சரி.)

நம் 2001 பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-வது பிரிவோ, விதையைச் சேமிக்க, பரிமாற, விற்கக்கூட உழவருக்கு உரிமை தருகிறது; பாதுகாக்கப்பட்ட ரகத்தை பிராண்டு பெயரிட்டு விற்கத்தான் தடை. எத்தனை பேருக்குத் தெரியும்? விதைக்கடைகளில், ரசீது போடும் மேசைக்கு மேலேயே, வேளாண் துறை இதைத் தமிழில் எழுதி ஒட்டட்டும்.

– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை, சென்னை-81