விளைந்தது யார் தட்டுக்குப் போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு மண்ணைக் கெடுக்காத விவசாயம் கற்றுத்தருவது பற்றிய கட்டுரையைப் படித்தேன். மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் அவர்கள் தோட்டத்தில் விளைந்ததை யார் சாப்பிட்டார்கள் என்பதை அது ஒரே வரியில் கடந்துவிட்டது. எனக்கு அதுதான் முக்கியம்.

இல்லாதவர்களுக்கு நன்கொடையாக வரும் உணவைப் பாருங்கள். தானியம், பருப்பு, டின்னில் அடைத்தது என்று பெரும்பாலும் கெடாத பொருட்களே இருக்கும். பறித்த கையோடு கொடுக்க வேண்டிய கீரையும் காய்கறியும் அபூர்வம். வயிறு நிறைந்தாலும் சத்து போதாது. பிள்ளைகளின் சிறிய தோட்டம் இந்தக் குறையைத்தான் போக்க முடியும். அதனால் விதை வாங்கும் முன்பே இல்லாதவர்களுக்கு உணவு சேர்த்து வழங்கும் அருகிலுள்ள உணவு வங்கிக்கு மாணவர்களே போய், என்ன காய் வேண்டும், எந்தக் கிழமை வேண்டும் என்று கேட்டு வர வேண்டும்.

அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் 1991இல் தொடங்கிய 'தி ஃபுட் புராஜெக்ட்' பதின்ம வயதினரை வைத்துப் பயிர் செய்கிறது. விளைச்சலில் ஒரு பகுதி பசிப்பிணி போக்கும் அமைப்புகளுக்குப் போகிறது. உழைக்கும் பிள்ளைகளுக்கு ஊதியமும் உண்டு. இது அவசியம் என்பேன். வீட்டிலேயே பற்றாக்குறை இருக்கும் பிள்ளையால் சும்மா வந்து வேலை செய்ய முடியுமா?

அப்புறம், பாடம் கரும்பலகையோடு நின்றுவிடக் கூடாது. அவரைச் செடி ஒன்றை வேரோடு பிடுங்கி, வேரில் சிறு உருண்டையாக இருக்கும் முடிச்சை நகத்தால் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அங்குள்ள நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாகத் தருகின்றன. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் அந்த வேலை நடக்கவில்லை. இதைக் கண்ணால் பார்த்தவருக்கு, ஒரே நிலத்தில் பயிரை மாற்றி மாற்றி விதைக்கும் பயிர்ச் சுழற்சியில் அவரை போன்றவற்றை ஏன் சேர்க்கிறோம் என்பது சட்டென்று விளங்கிவிடும்.

இந்த அறிவு அறுந்துபோவதும் உண்டு. மொசாம்பிக்கில் எய்ட்ஸ் நோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்கு விவசாயம் சொல்லித்தர வீட்டில் ஆளில்லாமல் போனது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக உணவுத் திட்டமும் 2003இல் அவர்களுக்காகவே, வயலில் வைத்தே கற்றுத்தரும் களப்பள்ளிகளைத் தொடங்கின.

பள்ளித் தோட்டங்கள் காய்ந்துபோவது பெரும்பாலும் நீண்ட விடுமுறையில்தான். அந்த வாரங்களில் சம்பளம் வாங்கிக்கொண்டு பொறுப்பெடுக்க ஒரு பெரியவர் வேண்டும். தன்னார்வலர்களை மட்டும் நம்பினால் நடக்காது.

அடுத்த முறை இப்படியொரு தோட்டத்தைப் பற்றி எழுதும்போது, வாரம் எத்தனை கிலோ யாருக்குப் போனது, விடுமுறையில் தண்ணீர் விட்டது யார் என்ற இரண்டையும் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்