வெள்ளை மண்ணில் நான்கு அரன்சாடா

ஹெரெஸ் தெ லா ஃப்ரோந்தேரா, ஸ்பெயின்
செப்டம்பர் 21

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. போனில் பேசாமல் இல்லை. உன் மகளின் பிளஸ் டூ மதிப்பெண், சுருளிப்பட்டி மழை, வாத்தியார் வீட்டுக் கல்யாணத்தில் நீ பந்தியில் சண்டை போட்டது, எல்லாம் பேசியாயிற்று. ஒவ்வொரு முறையும் கடைசியில் "அப்புறம்?" என்று கேட்பாய். "வேறொன்றுமில்லை" என்று வைத்துவிடுவேன். வேறொன்று இருந்தது. உன் குரலைக் கேட்டுக்கொண்டே அதைச் சொல்ல எனக்கு நெஞ்சு வரவில்லை. அதனால்தான் காகிதம்.

நான் இங்கே ஒரு திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்துவிட்டேன். நான்கு அரன்சாடா. இந்த ஊர் அளவு அது. நம் கணக்கில் ஏறக்குறைய நாலரை ஏக்கர். உன் பந்தலில் தொங்குவது போல் தின்னும் பழம் இல்லை. ஷெர்ரி என்கிற இந்த ஊர் ஒயினுக்குப் போகும் பழம்.

உன் முகம் எப்படி மாறும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நாசிக்கில் இருந்து ஒயின் ஆலைக்காரர்கள் வந்து நல்ல விலை சொன்னபோது, அண்ணன் போன வீட்டில் இருந்து ஒரு கொத்துகூட அதற்குப் போகாது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியவன் நீ. அன்று நானும் உன் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தேன். நீ சொன்னது சரி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். பிறகு ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பாய். முழுக்கப் படித்துவிட்டுக் கேள்.

நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் பெரியவருக்கு எழுபத்தெட்டு வயது. இரண்டு முழங்காலும் போய்விட்டன. மகன் பார்சிலோனாவில் இருக்கிறான். தோட்டம் அவனுக்கு வேண்டாம். சூரிய மின்தகடு பதிக்க ஒரு நிறுவனம் வந்து கேட்டது. கொடிகளைப் பிடுங்கிவிட்டு நிலத்தைத் தந்தால், திராட்சையில் பார்ப்பதைவிடப் பல மடங்கு வாடகை. பெரியவர் கையெழுத்துப் போட இருந்தார். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, மண்ணைப் பற்றி ஓயாமல் கேட்பவன் என்பதால், என்னை ஒரு தரம் தோட்டத்துக்கு அழைத்துப்போனார்.

அந்த மண்ணை நீ பார்க்க வேண்டும். அல்பரீசா என்கிறார்கள். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை. உச்சி வெயிலில் கண் கூசும். பழங்காலக் கடலடியில் படிந்த நுண்ணுயிர்களின் ஓடுகள்தான் இப்படி மண்ணாகியிருக்கின்றன. ஆண்டுக்கு ஏறக்குறைய 600 மில்லிமீட்டர் மழை, அதுவும் குளிர்காலத்தில் மட்டும். மே முடிந்தால் ஒரு சொட்டு கிடையாது. பெரியவரின் தோட்டத்தில் கிணறு இல்லை, போர் இல்லை, சொட்டுநீர் இல்லை. முழுக்க வானம் பார்த்த பூமி. அப்படியிருந்தும் ஆகஸ்டில் கொடி பச்சைப் பசேல் என்று நிற்கிறது.

எப்படி என்று கேட்டேன். பெரியவர் தன் கைத்தடியால் ஓர் இடத்தைத் தட்டிக் காட்டி, தோண்டு என்றார். மேலே அரை விரல் கனத்துக்கு ஓடு போல இறுகிக் கிடந்தது. அதை உடைத்து ஒன்றரை அடி போனேன். மண் கையில் ஒட்டியது. மாப்பிள்ளை, நான்கு மாதமாக மழை பார்க்காத மண், ஈரம்! பிடித்துப் பிசைந்தால் கொழுக்கட்டை மாவு போல உருண்டு நின்றது. குளிர்கால மழையைப் பஞ்சு போல் குடித்துவிட்டு, கோடையில் தானே மேல்மூடி போட்டுக்கொள்கிறது. வேர் அந்த ஈரத்தைத் தேடி ஆழமாக இறங்குகிறது.

மழைநீர் சரிவில் ஓடிவிடாமல் இருக்க இன்னொரு வேலை செய்கிறார்கள். அறுவடை முடிந்து முதல் மழைக்கு முன், கொடி வரிசைகளுக்கு நடுவே நீள்சதுரக் குழிகளாக வெட்டி, மண்ணைச் சிறு வரப்பாக ஒதுக்கிவைப்பது. அசெர்பியா என்று பெயர். ஒவ்வொரு குழியிலும் மழை நின்று இறங்கும். வசந்தத்தில் மறுபடி சமன் செய்துவிடுவார்கள். உன் தாத்தா மானாவாரிக் காட்டில் சரிவுக்குக் குறுக்கே வெட்டிவைத்தாரே, அது நினைவுக்கு வந்தது. "இதைப் பிடுங்கிவிட்டால் இந்த மலைச்சரிவில் யாரும் குழி வெட்ட மாட்டார்கள்" என்றார் பெரியவர். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும்தான்.

கவாத்தைப் பற்றியும் உனக்குச் சொல்லியாக வேண்டும். "வாரா இ புல்கார்" என்கிறார்கள், கோலும் கட்டைவிரலும் என்று பொருள். கொடிக்கு இரண்டு கை. ஒரு கையில் எட்டுக் கணு உள்ள நீண்ட கோல். இந்த ஆண்டுப் பழம் அதில். இன்னொரு கையில் ஒன்றிரண்டு கணுவோடு கட்டைவிரல் அளவுக்கு ஒரு குச்சி. அது இந்த ஆண்டு ஓய்வாக இருந்து அடுத்த ஆண்டுக்கான கோலை வளர்க்கும். ஆண்டுக்கு ஆண்டு இரண்டும் இடம் மாறும். கம்பம் பள்ளத்தில் வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருக்கப் பார்த்த கண்ணுக்கு, பாதிக் கொடியை ஓய்வெடுக்க விடுவது முதலில் சோம்பேறித்தனமாகத்தான் பட்டது. அறுபது வயதுக் கொடி காய்ப்பதைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல மாட்டேன்.

பழம் பலோமினோ. தின்று பார்த்தால் சப்பென்று இருக்கும். உன் பன்னீர் திராட்சைக்கு உறைபோடக் காணாது. அதன் சங்கதியெல்லாம் பறித்த பிறகுதான்.

இனி வருவது நீ கேட்க விரும்பாத பகுதி. இருந்தும் சொல்கிறேன். நான் எதில் விழுந்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

முதன்முதலாக ஒரு பழைய போதேகாவுக்குள், அதாவது ஒயினைப் பழுக்கவைக்கும் கிடங்குக்குள், போனது மூன்று ஆண்டுகளுக்கு முன். கோயில் பிராகாரம் போல உயரமான கூரை, வரிசை வரிசையாகக் கறுப்புப் பீப்பாய்கள். தரை சிமென்ட் இல்லை, மஞ்சள் மணல். கோடை மாலையில் குளிர்ச்சிக்காக அதில் தண்ணீர் தெளிக்கிறார்கள். வாசல் தெளித்த வாசம் அப்படியே வந்தது. பீப்பாய் ஒன்றில் 600 லிட்டர் பிடிக்கும், 500தான் ஊற்றுவார்கள். மேலே காற்றுக்கு இடம். பார்வைக்காக ஒரு பீப்பாயின் முகப்பில் கண்ணாடி பதித்திருந்தார்கள். உள்ளே ஒயினின் மேல் பாலாடை போலச் சுருக்கம் சுருக்கமாக ஒரு வெண்படலம். ஈஸ்ட். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஃப்ளோர், பூ. ஊறுகாய் ஜாடியில் வெள்ளைப் படலம் வந்தால் நாமும் "பூத்துவிட்டது" என்றுதானே சொல்கிறோம்! அத்தை பூத்த ஊறுகாயைக் குப்பையில் கொட்டுவார். இவர்கள் அந்தப் பூ வாடாமல் இருக்கவே கட்டடம் கட்டியிருக்கிறார்கள். அட்லாண்டிக் பக்கத்தில் இருந்து வரும் ஈரக் காற்று, பொனியெந்தே, உள்ளே நுழைய உயரத்தில் சன்னல்கள். கிழக்கில் இருந்து வரும் வறண்ட காற்று, லெவாந்தே, அடித்தால் கோரைப் பாயை இறக்கிவிடுகிறார்கள். பூ மூடியிருக்கும்வரை ஒயினைக் காற்று தொடாது, வெளிர்மஞ்சளாகவே இருக்கும். அது ஃபினோ. பூ செத்துக் காற்றுப் பட்டுக் கறுத்தால் அமொந்தில்யாதோ.

அதைவிட என்னைப் பிடித்துக்கொண்டது சோலேரா. பீப்பாய்களை அடுக்கடுக்காக வைத்திருக்கிறார்கள். சீசாவுக்குப் போவது கடைசி அடுக்கில் இருந்து. ஒரு தரத்துக்கு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி எடுக்க மாட்டார்கள். எடுத்த இடத்தை அதைவிட இளைய அடுக்கில் இருந்து நிரப்புவார்கள், அதை இன்னும் இளையதில் இருந்து. புதிய ஒயின் பழையதோடு சேர்ந்து பழையதாகிறது. பீப்பாய் ஒருநாளும் காலியாவதில்லை. நேற்றைய தயிரில் இன்றைய பாலுக்கு உறை ஊற்றுவதுதான், மாப்பிள்ளை. அத்தை வீட்டு உறை எத்தனை ஆண்டு பழையது என்று யாருக்குத் தெரியும்? நூறு ஆண்டுக்கு முன் தொடங்கிய சோலேராவில் முதல் ஆண்டின் ஒரு துளியாவது இன்னும் இருக்கும். அதைத் தொடங்கியவரும் இல்லை, அவர் பேரனும் இல்லை.

இந்த ஊர் இப்படியே செழிப்பாக இருக்கிறது என்று நினைத்துவிடாதே. 1979இல் இங்கிருந்து ஏறக்குறைய 15 கோடி லிட்டர் ஏற்றுமதியானது. அப்போது 20,000 ஹெக்டேருக்கு மேல் கொடி இருந்தது. இப்போது 7,000 ஹெக்டேர் அளவில்தான். ஒருவருக்கொருவர் விலையைக் குறைத்து விற்றார்கள், தரம் போயிற்று, பெயரும் போயிற்று. பல போதேகாக்களை வாங்கிக் குவித்திருந்த ரூமாசா குழுமத்தை 1983 பிப்ரவரி 23 அன்று அரசு எடுத்துக்கொண்டது. பிறகு கொடியைப் பிடுங்கவே மானியம் கொடுத்தார்கள். ஒரு மலைச்சரிவில் பாதி வெள்ளையும் பாதி சூரியகாந்தியுமாகக் கிடப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. விவசாயிக்குக் கிலோவுக்குக் கிடைக்கும் காசைச் சொன்னால் நீ பல்லைக் கடிப்பாய். உன் தோட்டத்து வாசலில் வந்து நின்று விலை பேசும் வியாபாரியின் அதே முகம்தான் இங்கேயும்.

கையெழுத்துப் போடும் துணிவு எனக்கு வந்தது ஒரு பழைய கதையால். ஹெசூஸ் பார்கின் கிரானாதா பல்கலைக்கழகத்தில் குற்றவியல் சட்டப் பேராசிரியர். எதுவார்தோ ஒஹேதா ஒயின் ஆலையில் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்தவர். 2005இல் பக்கத்து ஊரான சான்லூக்காரில் ஒரு பழைய போதேகாவில், கேட்பாரற்றுக் கிடந்த சில அமொந்தில்யாதோ பீப்பாய்கள் அவர்கள் கண்ணில் பட்டன. விற்க முடியாத சரக்கு என்று சொந்தக்காரர்கள் அப்படியே விட்டிருந்தார்கள். இவர்கள் அதில் கொஞ்சம் வாங்கிச் சீசாவில் அடைத்தார்கள், தங்களுக்கும் நண்பர்களுக்கும் மட்டும். அடுத்த ஆண்டு இன்னொரு பீப்பாய், பிறகு இன்னொன்று. ஒவ்வொரு சீசாவிலும் எந்தப் பீப்பாய், எப்போது எடுத்தது என்று எண் போட்டு எழுதினார்கள். எக்கிப்போ நவாசோஸ் என்ற பெயர் உலகத்துக்கே தெரிந்துபோனது. இந்த ஊர்ச் சரக்குக்கு மதிப்பு திரும்பத் தொடங்கியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நாலு நண்பர்கள் ஒரு பொருளை ஆசையோடு பார்த்ததில் இவ்வளவு நடந்திருக்கிறது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் பெரியவரிடம் போய், தகட்டுக்காரர்களுக்கு இல்லை என்று சொல்லுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். குத்தகைப் பணம் அவர்கள் தருவதாகச் சொன்னதில் கால்வாசிகூட இல்லை. ஒத்துக்கொண்டார். கையெழுத்தைவிட முதலில் கவாத்துக் கத்திரியை எடுத்து என் கையில் வைத்தார்.

இனி அண்ணன்.

ஒயின் பண்பாடு, சாராயம் வேறு என்று உன்னிடம் சொல்ல வரவில்லை. இதிலும் 15 விழுக்காடு ஆல்கஹால் இருக்கிறது. குடித்தால் ஏறும், கூடக் குடித்தால் அழிக்கும். இந்த ஊரிலும் அழிந்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் தெருமுனைக் கடையில் காலை ஒன்பது மணிக்கே கை நடுங்க நிற்கும் ஒருவரைத் தினமும் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். அவரைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணனைத் தேடி நாம் இருவரும் சைக்கிளில் போன அந்த ராத்திரி வருகிறது. தேனி ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு "தம்பியைப் பார்த்துக்கோடா" என்றது வருகிறது. உனக்கு இதை நான் இதுவரை சொன்னதில்லை. என்னிடம்தான் சொன்னார்.

அண்ணனை நினைத்துக்கொண்டே அந்த மண்ணையும் நான் விரும்புகிறேன். இரண்டும் எனக்குள் ஒரே நேரத்தில் இருக்கின்றன, ஒன்றை ஒன்று வெல்லவில்லை. நான் ஒரு நாளைக்குச் சிறிய கிண்ணத்தில் ஒன்று குடிக்கிறேன், சாப்பாட்டோடு. அதை மறைத்துக்கொண்டு உன்னோடு போனில் சிரித்துப் பேசியதுதான் எனக்குக் குற்றமாக இருந்தது. நீ என்னைத் திட்டினால் கேட்டுக்கொள்கிறேன். பேசாமல் இருந்துவிடாதே.

அசெர்பியா வெட்ட அக்டோபர் முதல் வாரத்தில் ஆள் வருகிறது. சரிவு பத்துக்கு ஒன்று இருக்கும். குழிக்குக் குழி எவ்வளவு இடைவெளி விட்டால் வரப்பு உடையாது என்று உன் தாத்தா ஒரு கணக்கு வைத்திருந்தாரே, அதை எழுதி அனுப்பு. இங்கே இருப்பவர்கள் கண் அளவில் வெட்டுகிறார்கள். எனக்கு அந்தக் கண் இன்னும் வரவில்லை.

உன் மார்ச் மாதக் கேள்விக்குப் பதில்: கிழக்குப் பந்தலில் இலை மஞ்சளாவது நோய் இல்லை, இரும்புச் சத்து ஏறாததுதான். மண்ணில் சுண்ணாம்பு கூடியிருக்கும். பரிசோதனைக்கு மண் எடுக்கும்போது கல்தூண் ஓரத்தில் எடுக்காதே, நடுவில் எடு. அடிச்சாம்பல் நோய்க்கு போர்டோ கலவையை மழைக்கு முன்பே அடித்துவிடு, மழை விட்ட பிறகு அடித்துப் பயன் இல்லை. தங்கையையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அத்தையிடம் மட்டும் இதைச் சொல்லாதே. பொங்கலுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். அவர் எதிரில் உட்கார்ந்து நானே சொல்கிறேன்.

உன்
மாப்பிள்ளை